நம் நாட்டு அணி தோற்க வேண்டும் என்று நம் ரசிகர்களே சில நேரம் நினைப்பது ஏன்?

நானே நினைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். அதுவும் ஏதோ ஒரு சாதா மேட்சில் இல்லை, ஆஸ்திரேலியாவோடு ஆடிய 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில்.

ஜூன் 7, புதன்கிழமை, லண்டன் ஓவல். வானம் மூடியிருக்கிறது, பிட்சில் புல் இருக்கிறது என்று ரோஹித் சர்மா பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். சரி. அப்புறம் அணியைச் சொன்னார்கள். நாலு வேகப்பந்து வீச்சாளர்கள், கூட ஜடேஜா. டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் அன்றைக்கு முதலிடத்தில் இருந்த ஸ்பின்னர் அஸ்வின் வெளியே! எதிரணியிலோ வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று இடதுகை ஆட்டக்காரர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். இடதுகைக்காரர்களை அஸ்வின் என்ன பாடு படுத்துவார் என்று மேற்கு மாம்பலத்தில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

டிராவிஸ் ஹெட் உள்ளே வரும்போது ஆஸ்திரேலியா 76 ரன்னுக்கு 3 விக்கெட். நியாயமாக எனக்குக் குஷி கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஹெட் ஒரு பவுண்டரி அடித்ததும் என் வாயிலிருந்து "போடு" என்று வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்த்து, "நீ எந்த நாட்டுக்காரன்டா?" என்றார்.

ஹெட் 163, ஸ்டீவ் ஸ்மித் 121. இருவரும் சேர்ந்து 285. அன்று எனக்கு ஆஸ்திரேலியா மேல் பாசம் எதுவும் பொங்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்ற ஒரு வரியைச் சொல்ல ஆசை, அவ்வளவுதான். தேர்வு செய்பவர்களுக்கு நாம் மனு போட முடியாது. அவர்கள் கண்ணில் படுவது ஸ்கோர்போர்டு ஒன்றுதான். அதனால் ரசிகன் தன் கோபத்தை அதில் எழுதிக் காட்டப் பார்க்கிறான். எழுதுவதோ எதிரணி.

இதில் அசிங்கமான பகுதி ஒன்று உண்டு. கோபம் முடிவெடுத்தவர் மேல், அடி விழுவது களத்தில் நிற்பவன் மேல். உமேஷ் யாதவ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், தன்னைக் கூப்பிட்டார்கள் என்று வந்து ஆடியவர். முதல் இன்னிங்ஸில் அவருக்கு ஒரு விக்கெட்கூட விழவில்லை, அதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அதற்குப் பிறகு அவர் டெஸ்ட்டே ஆடவில்லை. ஷர்துல் தாக்குர் ரஹானேவோடு நின்று 51 அடித்தபோது எரிச்சல்கூட வந்தது. இந்த 51ஐக் காட்டி, நாலாவது வேகப்பந்து வீச்சாளரை எடுத்தது சரிதான் என்று எவனாவது கிளம்பிவிடுவானே!

கொல்கத்தாக்காரர்கள் இதை ஊரோடு செய்தார்கள். 2005 நவம்பரில் ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவோடு ஒருநாள் போட்டி. அந்த ஊர்க்காரர் கங்குலி அணியில் இல்லை. டிராவிட் கேப்டன், சாப்பல் பயிற்சியாளர். சொந்த மைதானத்தில் இந்திய அணிக்குக் கூச்சல், எதிரணி கேப்டன் கிரீம் ஸ்மித்துக்குக் கைதட்டல். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. தேசப்பற்று இல்லாத கூட்டம் என்று அப்போது நானும் திட்டினேன். 18 வருஷம் கழித்து என் வீட்டு சோபாவில்தான் அவர்களைப் புரிந்துகொண்டேன். நம்ம வீட்டுப் பையனை ஒதுக்கிவிட்டு நடக்கிற கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்றால் கொஞ்சம் சந்தோஷமாகத்தானே இருக்கும்.

இன்னொரு ரகமும் இருக்கிறது, அதை இதோடு சேர்க்கக் கூடாது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள், ரக்பியில் சொந்த நாட்டு அணியை எதிர்த்து யார் ஆடினாலும் அவர்களுக்குத்தான் கைதட்டினார்கள். தங்களை ஒதுக்கி வைத்த ஆட்சிக்கு அடையாளமாக இருந்த அணி அது. அதன் பச்சைச் சட்டையைத்தான் 1995 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், கேப்டன் பியெனாரின் 6ஆம் எண்ணோடு மண்டேலா போட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் கோபமும் என் அஸ்வின் கோபமும் ஒன்றாகுமா? என்னுடையது சாப்பாட்டுப் பந்தியில் அப்பளம் வைக்கவில்லை என்கிற ரகம்.

அதனால்தானோ என்னவோ, அது நிலைக்கவும் இல்லை. சனிக்கிழமை ஆட்டம் முடியும்போது கோலி 44, ரஹானே 20, கையில் 7 விக்கெட், இன்னும் 280 ரன் வேண்டும். அன்று ராத்திரி ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவனும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் போலந்து ஒரே ஓவரில் கோலியையும் ஜடேஜாவையும் தூக்கினார். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். 209 ரன்னில் தோல்வி.

திங்கட்கிழமை அந்த "அப்பவே சொன்னேன்"ஐப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். "ஓவலில் எதுக்கு சார் ரெண்டு ஸ்பின்னர்" என்று புதன்கிழமை கேட்டவரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அஸ்வின் ஆடியிருந்தா அவரும்தான் அடி வாங்கியிருப்பார்" என்றார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ஆஸ்திரேலிய ஸ்பின்னர் நேதன் லயன் எடுத்த 5 விக்கெட்டை இன்றுவரை அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.