பணி ஓய்வுக்குப் பின் குடியேறத் திருச்சியா, மதுரையா?

கேள்வி: நானும் மனைவியும் அடுத்த ஆண்டு சென்னையில் பணி ஓய்வு பெறுகிறோம். மகள் சிங்கப்பூரிலும் மகன் சென்னையிலும் இருக்கிறார்கள். 79 வயதான என் தாயார் எங்களுடன் இருக்கிறார். திருச்சி, மதுரை இரண்டுமே எங்கள் சொந்த ஊர் அல்ல. இவற்றில் எங்கு குடியேறுவது நல்லது?

வங்கிப் பணியில் இருந்த நான் 2008 முதல் 2016 வரை மதுரையிலும், அதன் பின்னர் 2021இல் ஓய்வு பெறும் வரை திருச்சியிலும் பணியாற்றினேன். நீங்கள் கேட்டிருக்கும் இதே கேள்வியை நானும் மனைவியும் ஏறக்குறைய ஆறு மாத காலம் பேசிப் பேசி, கடைசியில் திருச்சியிலேயே தங்கிவிட்டோம். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் திருச்சி பொருந்தும் என்றே நினைக்கிறேன். உங்கள் தாயாருக்கும் அது பொருந்துமா என்பதை மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வெயிலை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். திருச்சி வெயிலைப் பற்றிப் பயமுறுத்துபவர்கள் மதுரையில் மே மாதத்தைக் கழித்திராதவர்கள். இரண்டு ஊரிலும் கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. மாடி வீடு எடுத்தால் இரண்டிலும் வேதனைதான்.

எங்கள் முடிவுக்குக் காரணமாக இருந்தது ஒரு நாட்குறிப்பு. ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் குடும்பத்தில் யார், எதற்காக, எந்த ஊருக்குப் போனோம் என்பதை என் மனைவி குறித்து வைத்திருந்தார். ஊரடங்குக்கு முந்தைய 2019ஆம் ஆண்டை எடுத்து எண்ணிப் பார்த்தபோது 31 பயணங்கள் இருந்தன. சென்னைக்கு மட்டும் பதினொன்று, மற்றவை கும்பகோணம், கோவை, பெங்களூரு என்று நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. வேலையை விட்ட பிறகு பயணம் குறையும் என்று நாங்கள் நம்பியது தவறு. திருமணம், வளைகாப்பு, துக்கம், பேரப்பிள்ளைகளின் விடுமுறை என்று அது கூடத்தான் செய்தது.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் திருச்சி எங்கேயோ போய் நிற்கிறது. திருச்சி சந்திப்பிலிருந்து விருத்தாசலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் என ஐந்து திசைகளுக்குப் பாதைகள் பிரிகின்றன. மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை திருச்சியைத் தொட்டே செல்வதால், மதுரைக்காரருக்குக் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பகுதி உங்களுக்கும் கிடைக்கும். அவற்றோடு, திருச்சியிலேயே இரவில் ஏறிப் படுத்துக் காலையில் எழும்பூரில் இறங்கிக்கொள்ள மலைக்கோட்டை விரைவு வண்டியும் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி, ரயில் பாதையில் ஏறத்தாழ 336 கிலோமீட்டர். மதுரைக்கு அதற்கு மேலும் 155 கிலோமீட்டர் போக வேண்டும். நாற்பது வயதில் அந்த வேறுபாடு ஒரு தூக்கம் மட்டுமே. அறுபதுக்கு மேல் அது முதுகில் தெரியும்.

உங்கள் மகள் சிங்கப்பூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் பல ஆண்டுகளாகவே பறக்கின்றன. நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம். 2024இல் திறக்கப்பட்ட புதிய முனையம் வந்த பிறகு நெரிசலும் வெகுவாகக் குறைந்துவிட்டது. விமான நிலையம் ஊருக்கு வெகு அருகில் இருப்பதால், விமானம் தரையிறங்கிய செய்தி வந்த பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலும், பிள்ளைகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது நாம் வாசலில் நிற்கலாம். மதுரையிலும் விமான நிலையம் இருக்கிறது என்றாலும் வெளிநாட்டுச் சேவைகள் அங்கே குறைவு. பேருந்தை நம்பியிருப்பவருக்கு மட்டும் திருச்சியில் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. முன்பு ரயிலை விட்டு இறங்கி நடந்தே மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போய்விடலாம்; 2025இல் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூருக்கு மாறிய பிறகு அதற்கு இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் விஷயத்திலும் திருச்சிக்கே என் வாக்கு. கம்பரசம்பேட்டைப் பக்கம் காவிரி மணலுக்குள் இறக்கிய நீர்சேகரிப்புக் கிணறுகளிலிருந்து ஊருக்குக் குடிநீர் வருகிறது; ஆறு மேலே வறண்டு கிடக்கும் மாதங்களிலும் மணலின் அடியில் ஊற்று இருக்கும். மதுரைக் குடும்பங்களோ வைகை அணையைப் பார்த்துக்கொண்டு வாழ்பவை. அணையின் முழு நீர்மட்டம் 71 அடி என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சிம்மக்கல் அருகே நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் காலையில் நாளிதழைப் பிரித்ததும் முதலில் அணை நீர்மட்டத்தைத்தான் படிப்பார்; மட்டம் முப்பதுக்குக் கீழே இறங்கிய அன்று, மாடியில் இருந்த எங்களிடம் வந்து, "சார், இன்னிலேருந்து துணி துவைக்கிறதை ஞாயித்துக்கெழமைக்கு மாத்திக்கங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு மதுரையைப் பற்றி நான் கட்டாயம் எழுத வேண்டும், ஏனெனில் இது உங்கள் தாயாரைப் பற்றிய பகுதி. திருச்சி போய்வரச் சுலபமான ஊர். மதுரையோ உள்ளே இருந்து வாழும் ஊர். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருக்கும் பழைய நகரில், பூ, வெற்றிலை, நாட்டு மருந்து, பாத்திரம், புடவை, தையல்காரர், மூக்குக்கண்ணாடி என்று ஒரு முதியவருக்கு வாழ்க்கையில் தேவைப்படும் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. என் தந்தையார் தம் கடைசி நான்கு ஆண்டுகளை எங்களுடன் மதுரையில் கழித்தார். அவருக்கு இரவில் உறக்கம் வராது. பத்தரை மணிக்கு மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு வருவார். அங்கே தள்ளுவண்டியில் பித்தளைப் பானையை வைத்து ஓர் அம்மாள் பருத்திப்பால் விற்பார். கருப்பட்டியும் சுக்கும் மணக்கும் அந்தப் பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, வண்டியைச் சுற்றி நிற்கும் சுமைதூக்குவோரிடமும் ஆட்டோக்காரரிடமும் அரை மணி நேரம் அரசியல் பேசுவார். அந்த நேரத்திலும் நான்கு கடைகளில் விளக்கு எரியும், இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கும். தூங்கா நகரம் என்பதை வெறும் பெருமைப் பேச்சு என்று நினைத்திருந்த நான், தூக்கம் வராத ஒரு கிழவருக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். திருச்சியில் நாங்கள் இருக்கும் தெரு ஒன்பதரைக்கெல்லாம் அடங்கிவிடும்.

சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்காரர்கள் அலுத்துக்கொள்வதையும் கேட்டிருப்பீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வீடு இருந்தால் வாகனத்தை வெளியே எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த என் தந்தையாரை அதன் பிறகு பத்து நாட்கள் வரை அந்தக் கதையிலிருந்து மீட்க முடியவில்லை.

மருத்துவத்தைப் பொறுத்தவரை இரண்டு ஊரும் குறைவில்லை. கண்ணுக்கென்றால் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரைக்குத் தனிச் சிறப்பு. ஆனால், கண்புரைக்காக ஊர் மாற வேண்டியதில்லை, என் மாமியாரைத் திருச்சியிலிருந்தே அழைத்துப் போய் வந்தோம்.

திருச்சி என்று முடிவெடுத்தால் எந்தப் பகுதி என்பதில் கவனமாக இருங்கள். கோயில், நடை, அக்கம்பக்கத்துப் பேச்சு ஆகியவற்றை உத்தேசித்துத் தாயாருக்காக ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு என்பதைப் புவியியல் பாடமாக மட்டுமே நான் அறிந்திருந்தேன். பராமரிப்புப் பணிக்காகக் காவிரிப் பாலத்தை 2022 இறுதியில் மூடியபோது, தில்லை நகரில் இடுப்புப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த மாமியாரைக் காரில் வைத்துச் சென்னைப் புறவழிச்சாலையைச் சுற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை போய்வந்தோம். கால்மணிப் பயணம் முக்கால் மணியாயிற்று. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பாலம் திறந்த பிறகே நிம்மதி. மருத்துவரிடம் அடிக்கடி போக வேண்டிய நிலை இருந்தால், தில்லை நகர், கண்டோன்மென்ட், கே.கே.நகர் பக்கம் பாருங்கள். (கே.கே.நகர் மதுரையிலும் உண்டு. திருச்சி முகவரிக்கு அனுப்பிய என் பார்சல் ஒன்று மதுரை கே.கே.நகரில் எட்டு நாட்கள் தங்கிவிட்டு வந்தது. ஆகவே பின்கோடு முக்கியம்.)

உங்கள் தாயார் தனியே வெளியே நடமாடக்கூடியவராக இருந்து, வீட்டுக்குள் அடைபட்டால் சோர்ந்துபோகும் இயல்புள்ளவராகவும் இருந்தால், மேலே சொன்ன பயண வசதிகளைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மதுரையின் பழைய நகரப் பகுதியைப் பரிசீலிப்பது தவறாகாது. அவர் பெரும்பாலும் வீட்டோடு இருப்பவர் என்றால் திருச்சிதான். எதுவானாலும் சென்னை வீட்டை உடனே விற்றுவிடாமல், முதலில் வாடகைக்குப் போங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போடும்போது ஏப்ரலும் மேயும் அதற்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், தரைத்தளமாக இருக்கட்டும், முன்பணம் கொடுப்பதற்கு முன் கீழ்வீட்டுக்காரரிடம், குழாயில் தண்ணீர் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிடுங்கள்.