ரம் ஊற்றிய சாக்லேட்டை விற்கலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். உதகையில் ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி, நீலகிரித் தைலம், சென்ட் விற்கும் சிறு கடை நடத்துகிறேன். இந்த சீசனில், சாக்லேட் கொடுப்பவர் நடுவில் ரம் ஊற்றிய வகையையும் இரண்டு பெட்டி இறக்கிவிட்டுப் போனார். வாங்குவோர் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாத சுற்றுலாப் பயணிகள். ஒரு துண்டு தின்றால் போதையும் வராது. விற்கலாமா? சென்ட்டிலும் ஆல்கஹால் இருக்கிறதே, அதையும் நிறுத்த வேண்டுமா?
- வாசகர், உதகமண்டலம்

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். அந்தச் சாக்லேட்டை விற்பது கூடாது. தாங்கள் கூறும் இரண்டு காரணங்களும் அதை ஆகுமாக்கிவிடாது.

எது அதிக அளவில் போதை தருமோ அதில் சிறிதளவும் ஹராம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆகவே சாக்லேட் துண்டின் அளவை வைத்து அன்று, உள்ளே இருக்கும் ரம்மின் தன்மையை வைத்தே சட்டம் அமைகிறது. ரம் திராட்சையிலிருந்து வருவதன்று, கரும்பு மொலாசஸிலிருந்து வருவது என்று சிலர் வாதிடுவர். ஹனஃபீ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்ற சொல்லைத் திராட்சை மதுவுக்கே உரியதாக வைத்தது உண்மைதான். ஆனால் போதை தரும் எல்லாப் பானங்களும் சிறிதளவும் கூடாது என்ற, அவருடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்தின்படியே பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அளித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த வேறுபாட்டுக்கே இடமில்லை.

வாங்குபவர் யார் என்பதும் சட்டத்தை மாற்றாது. மக்கா வெற்றியின் ஆண்டில், மதுவை விற்பதையே அல்லாஹ்வும் அவன் தூதரும் தடை செய்துள்ளதாக நபியவர்கள் அறிவித்தார்கள். மது தொடர்பாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் அதைச் சுமப்பவரும், விற்பவரும், அதன் கிரயத்தை உண்பவரும் அடங்குவர் என்பதைக் கடை நடத்தும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

சென்ட்டின் நிலை வேறு. அது அருந்துவதற்காகச் செய்யப்படுவதன்று. திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து எடுத்த ஆல்கஹாலை மேற்பூச்சுக்குப் பயன்படுத்துவதை இக்கால ஹனஃபீ அறிஞர் பலர் அனுமதிக்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபினர் அதை நஜீஸ் (அசுத்தம்) எனக் கருதுவதால், தாங்கள் அந்த மத்ஹபினராயின் ஆல்கஹால் கலவாத அத்தரை விற்பதே பேணுதலானது. மற்றச் சாக்லேட்டுகளில் வாசனைக்காகச் சேர்க்கும் எசென்ஸையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மது தயாரிப்பிலிருந்து வராத ஆல்கஹால், முடிவான உணவில் 0.5 சதவீதத்துக்கு மேற்படாமல் இருந்தால் ஆகும் என்று மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 2011இல் முடிவு செய்தது. தைலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இலையை நீராவியில் வடித்து எடுக்கும் அதில் உள்ள யூகலிப்டால், பெயரின் ஈறு ஒத்திருந்தாலும், போதை தரும் ஆல்கஹால் அன்று.

கையிலுள்ள பெட்டிகளைக் கொடுத்தவரிடமே திருப்பிவிட்டு, கொடுத்த பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அந்தக் கொள்முதலே செல்லாது என்பதால், இது விற்பனை ஆகாது என்பது என் கருத்து. அவர் ஏற்க மறுத்தால் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே சில விற்றிருந்தால், அந்த லாபத்தைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.