அமெரிக்காவின் நிகோடிமஸ் கிராமம் எப்படி உருவானது?

கேள்வி: கன்சாஸில் கறுப்பின மக்களே அமைத்த நிகோடிமஸ் என்ற விவசாயக் கிராமம் எப்படித் தோன்றியது?

அடிமை முறை ஒழிந்தும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குச் சொந்த நிலம் எட்டாக்கனியாகவே இருந்தது. குத்தகைக்கு உழுதார்கள், கடனும் வன்முறையும் விடாமல் துரத்தின. இன்னொரு பக்கம் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேற்கே 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் அது சொந்தமாகிவிடும். இதை நம்பித்தான் 1877-இல் கெண்டக்கியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் கிளம்பினார்கள். அவர்களை அழைத்தவர்கள் டபிள்யூ.எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் டபிள்யூ.ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும்.

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்து பார்த்தது வேறு. வீடு கட்ட மரம்கூட இல்லாத புல்வெளி. வேறு வழியில்லாமல் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியேறினார்கள். 1878-இல் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஊர் எங்கே என்று கேட்டாராம். கணவர் கைகாட்டிய இடத்தில் தரையிலிருந்து புகைதான் வந்துகொண்டிருந்தது. அழுதேவிட்டார். சிலர் திரும்பிப் போனார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த இறைச்சி பலரைக் காப்பாற்றியது. என்னைப் பொறுத்தவரை, இந்த வரலாற்றில் மறக்கவே கூடாதது இந்த உதவி.

அப்புறம் நிலம் கைகொடுத்தது. பள்ளி, தேவாலயம், கடைகள் எல்லாம் வந்தன. ஆனால் 1888-இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் ஆற்றுக்குத் தெற்கே போனதால் வியாபாரிகள் அங்கே நகர்ந்துவிட்டார்கள். எஞ்சியது விவசாயக் குடும்பங்கள்தான். 1996-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் ஜூலைக் கடைசியில் வாரிசுகள் அங்கே ஒன்றுகூடுகிறார்கள்.