புதியவர்களோடு பழைய ஆட்கள் கதைப்பதில்லை: இன்னொரு கூட்டம் வைக்கலாமா?

வைக்க வேண்டாம். முதலில், லொறி வந்தால் மூட்டை யார் தலையில் ஏறுகிறது என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத் திருநெல்வேலிக் கடையில் செயற்கைக் கால் பொருத்திய இருவரைச் சேர்த்தீர்கள், இரண்டு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தும் பழையவர்கள் முகம் கொடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போரில் கால் இழந்தவர்களைத் தெரியாதவர்கள் நம் ஊரில் குறைவு. அதனால் இரக்கமில்லாத ஆட்கள் என்று நான் நினைக்கவில்லை. புதியவர்கள் பில் போட, சுமப்பது முழுக்கப் பழையவர்கள் பக்கம் போயிருக்கும். சம்பளம் மட்டும் அதேதான். கோபம் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு கிழமைக்கு யார் என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று கொப்பியில் குறியுங்கள். அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். “ஏன் பிடிக்கேல்லை?” என்றால் வாய் திறக்க மாட்டார்கள்; “என்ன வேலை கூடிப்போச்சு?” என்றால் சொல்வார்கள். பாரம் கூடியிருந்தால் ஒரு தள்ளுவண்டி வாங்குங்கள், சுமப்பவருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

புதியவர்களையும் கேளுங்கள். களஞ்சியத்தில் நின்று வேலை செய்ய அவர்களுக்கே விருப்பம் இருக்கலாம். நீங்களாகத் தீர்மானித்துக் கதிரையில் இருத்துவது அவர்களுக்கும் நல்லதல்ல.

பாரம் சமமான பிறகும் கேலியும் பட்டப்பெயரும் தொடர்ந்தால் அது வேறு விஷயம். அப்போது எழுத்தில் எச்சரியுங்கள், தயங்க வேண்டாம். பழையவர்களின் முணுமுணுப்புக்காக அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கவும் முடியாது; ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கைச் சட்டம் (1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கம்) அதைத் தடுக்கிறது.

எது செய்தாலும், அந்த இருவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தித் தங்கள் கதையைச் சொல்ல வைக்காதீர்கள்.