அப்பத்தா அடுப்படிச் சாமான்கள்: வாங்கும் முன் சில கேள்விகள்

சென்ற முறை சமையல் பாத்திரங்களைப் பற்றி எழுதியபோது மண்சட்டிக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை மண்சட்டியில் தொடங்கி, செக்கெண்ணெய், கருப்பட்டி, கம்பு, கல் சட்டி, இரும்புச் சட்டி வரை வந்த கேள்விகளுக்குப் பதில்.

சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் என் அப்பத்தா வீடு. அடுப்படியில் நாலைந்து மண்சட்டி, ஒரு இரும்பு வடச்சட்டி, பரணில் கருப்பட்டி போட்ட ஓலைக் கொட்டான், கொல்லைப்புறம் அம்மியும் உரலும். அவ்வளவுதான் சாமான். அதில் ஒன்றுகூட அதிக விலையுள்ளதில்லை. பக்கத்து ஊர்க் குயவரிடமோ சந்தையிலோ வாங்கினார்கள். காசு இல்லாத நாளில் தானியத்தை அளந்து கொடுத்து வாங்கினார்கள். இன்று அதே சாமானைப் 'பாரம்பரியம்' என்று அச்சடித்த பெட்டியில் வைத்து மூன்று நான்கு மடங்கு விலை சொல்கிறார்கள். எளியவர்கள் சமையலுக்கு இவ்வளவு விலை ஏன் என்று ஒவ்வொரு கடையிலும் நாம் கேட்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியவை.

கேள்வி: மண்சட்டியில் மீன் குழம்பு வைக்க ஆசை. கடையில் பளபளப்பான சட்டி, சாதாரணச் சட்டி, கறுப்புச் சட்டி என்று பலவிதம் இருக்கிறது. எதை வாங்குவது? போன வருடம் வாங்கிய சட்டி முதல் நாளே விரிசல் விட்டுவிட்டது. (குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பளபளப்பாக இருப்பதை விட்டுவிடுங்கள். மண்ணுக்குத் தானாக அந்த மினுமினுப்பு வராது. பெரும்பாலும் மேலே பூசிய வார்னிஷோ பெயிண்டோ தரும் மினுமினுப்பு அது. கண்ணாடி போன்ற மெருகு ஏற்றிய சட்டி என்றால், அந்த மெருகில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. புளியும் சூடும் சேர்ந்தால் அது குழம்பில் இறங்கும். மீன் குழம்பில் புளிதானே பிரதானம்?

கறுப்புச் சட்டி கெடுதல் இல்லை. சூளையில் காற்றை அடைத்துப் புகையிலேயே வேகவிட்டால் சட்டி கறுப்பாகும். அது பழைய முறை. ஆனால் சிலர் சாயம் தடவியும் கறுப்பாக்குகிறார்கள். ஒரு வெள்ளைத் துணியில் துளி எண்ணெய் தொட்டுச் சட்டியைத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுப்பாக ஆனால் வேண்டாம். சிவப்புச் சட்டியில் லேசாகச் செம்மண் ஒட்டினால் பயப்பட வேண்டியதில்லை, அது காவிமண் பூச்சு.

அப்புறம் சத்தம். சட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. 'சொத்' என்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. உள்ளே வெளிச்சம் படும்படி பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு என்றால் அடுப்பில் அந்த மெல்லிய பக்கம்தான் முதலில் விரியும். சந்தைக்குப் போனால் அப்பத்தா இருபது சட்டியைத் தட்டி ஒன்றை எடுப்பார். குயவரும் பொறுமையாக நிற்பார். தட்டிப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

போன வருடச் சட்டி விரிந்ததற்குப் பழக்காமல் அடுப்பில் ஏற்றியது காரணமாக இருக்கலாம். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். எடுத்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு அரிசி கழுவிய தண்ணீரோ வடித்த கஞ்சியோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட்டுக் கொட்டுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். கஞ்சியின் மாவு மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். கடைசியாக உள்ளும் புறமும் எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்தால் சட்டி தயார். எப்போதும் சிறு தீயில் தொடங்க வேண்டும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோப்பு போடாதீர்கள், துளைகளுக்குள் போய்த் தங்கிவிடும். தேங்காய் நாரும் கொஞ்சம் கடலை மாவும் போதும். மீனுக்கென்று வாங்கிய சட்டியில் வேறு எதுவும் வைக்காதீர்கள், வாசம் போகாது.

இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி சூடாகாது. எந்த அடுப்பிலும் வைக்கலாம் என்று ஒரு விளம்பரம் சொன்னால், அடியில் உலோகத் தகடு பதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எங்கே வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஊருக்குப் போகிறவர்கள் மானாமதுரை வழியாகப் போனால் அங்கே இறங்குங்கள். கடம் என்ற இசைக்கருவி செய்வதற்குப் பேர் பெற்ற ஊர், அந்த மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் (அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு) உண்டு. இல்லையென்றால் உங்கள் ஊரில் பொங்கல் சமயத்தில் சாலையோரம் பானை விற்பவரிடம் பேசிப் பாருங்கள். பல பேர் செய்பவர்களே, சொன்னால் அடுத்த வாரம் சட்டி கொண்டுவந்து தருவார்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் மரச்செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 250 ரூபாய் என்று விற்கிறார். பெரிய கடையில் 450. மலிவாக இருப்பதை நம்பலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், மளிகைக் கடைக்காரரிடம் எள் விலை கேட்டால் போதும்.

எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஆனால் மரச்செக்கில் அது முழுவதும் இறங்காது, கொஞ்சம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ எள் வேண்டும். உங்கள் ஊரில் எள் கிலோ 180 ரூபாய் என்று வையுங்கள். எள்ளுக்கு மட்டுமே 450 ஆகிவிட்டது. மொத்தமாக வாங்குவதால் எள் விலை குறையும், பிண்ணாக்கு விற்ற காசும் வரும். ஆட்டுக்கூலி, ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டி, பாட்டில் எல்லாம் கூடும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 250க்கு வராது. வேறு மலிவான எண்ணெய் கலக்காமல் அந்த விலைக்குக் கொடுக்க வழியே இல்லை. கடலை எண்ணெய்க்கும் இதே கணக்குதான், இரண்டரைக் கிலோ பருப்புக்குக் கொஞ்சம் முன்பின். தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கிலோ கொப்பரை.

அதற்காக 450 கொடுத்துவிட்டால் சுத்தம் என்றும் ஆகிவிடாது. புட்டியில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். இரண்டு, ஆட்டிய தேதி. மூன்றாவது அளவு, இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது, 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். ஒரு கடை லிட்டர் விலை சொல்லும், இன்னொரு கடை கிலோ விலை சொல்லும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்களால் முடிந்தால் இன்னொரு வழி. எள்ளை நீங்களே வாங்கிக் கழுவிக் காயவைத்து, கூலிக்கு ஆட்டித் தரும் செக்குக்குக் கொண்டுபோங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இப்படி ஆட்டித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எள்ளோடு கருப்பட்டியும் போட்டு ஆட்டும்போது எழும் வாசத்தை ஒரு முறை அனுபவித்தால் பிறகு எந்தப் புட்டியும் உங்களை ஏமாற்ற முடியாது. கிளம்பும் முன் பிண்ணாக்கு யாருக்கு என்று பேசிவிடுங்கள். அது உங்களுடையது. பல இடங்களில் கூலியோடு அதையும் வைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: கருப்பட்டி என்று வாங்குவது பெரும்பாலும் சீனிப்பாகு என்கிறார்களே? (மதுரை)

பதில்: உண்மைதான், நிறைய நடக்கிறது. பதநீரில் இனிப்பு பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல்தான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீரை மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். அந்தப் பதநீருக்கு ஒரு மனிதர் காலையும் மாலையும் பனை ஏற வேண்டும். அந்த உழைப்புக்கு ஏற்ற விலை சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள். வெல்லத்தின் விலைக்குக் கருப்பட்டி கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக, சொரசொரப்பாக இருக்க வேண்டும். கற்கண்டுத் துகள் போல் மின்னினால் சீனி சேர்ந்திருக்கிறது. நாக்கில் வைத்தால் இனிப்போடு ஒரு மெல்லிய கரிப்பு தெரியும். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் இப்போது எல்லாக் கடையிலும் 'உடன்குடி' என்று எழுதி ஒட்டுகிறார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், தயாரித்தவரின் முகவரியைப் பாருங்கள்.

கேள்வி: கம்பு மாவு வாங்கி வைத்தால் இரண்டு வாரத்தில் கசக்கிறது. கடைக்காரர் பழைய மாவைத் தந்து ஏமாற்றுகிறாரா? (வேளச்சேரி)

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டும் என்று இல்லை. கம்பில் பெரும்பாலான தானியங்களை விடக் கொழுப்பு அதிகம், 100 கிராமில் 5 கிராம் அளவு. முழுத் தானியமாக இருக்கும்வரை அது உள்ளே பத்திரமாக இருக்கும். அரைத்த உடனே அந்தக் கொழுப்பு சிதையத் தொடங்கும், கசப்பு வரும். டப்பாவை எவ்வளவு இறுக மூடினாலும் முழுக்க நிற்காது. அதனால்தான் எங்கள் வீட்டில் கம்பு, தானியம் சேமிக்கும் மண் குலுக்கையில் இருக்கும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலில் இடிப்பார்கள்.

மாவு வாங்காதீர்கள், கம்பு வாங்குங்கள். ஒரு கப் கம்பில் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மிக்சியில் விட்டு விட்டு மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். தோல் பிரியும். சொளகில் (முறத்தில்) புடைத்துவிட்டு மறுபடி ரவை போல் உடையுங்கள். நாலு கப் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கிண்டி, சிறு தீயில் வேகவிடுங்கள். கம்மங்கூழ் தயார். ராத்திரி செய்து வைத்தால் காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். இதற்கு ஆகிற செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, 'உடனடிக் கம்மங்கூழ்' பாக்கெட்டின் விலையைப் பாருங்கள். அந்தப் பாக்கெட்டின் பின்புறம் சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கிக் குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதலில் கம்பு இல்லாமல் சர்க்கரையோ பால் பவுடரோ இருந்தால் அது கூழே இல்லை.

கேள்வி: இணையத்தில் 'கல் சட்டி' என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்தது புள்ளி புள்ளியாக இருக்கும் லேசான பாத்திரம். திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (தஞ்சாவூர்)

பதில்: உங்களுக்கு வந்தது அநேகமாக அலுமினியப் பாத்திரம். 'கிரானைட்' என்ற பெயரில் விற்கும் இந்தச் சட்டிகளில் பெரும்பாலானவை கல்லைப் போலத் தோன்ற ஒட்டாத பூச்சின் மேல் புள்ளி அடித்தவை. நம் பாட்டிமார் வத்தக் குழம்பு வைத்தது மாக்கல் என்ற மென்மையான கல்லைக் குடைந்து செய்த சட்டி. நல்ல கனமாக, தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். சொன்னது ஒன்று, அனுப்பியது வேறு என்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் முடியாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

கேள்வி: அம்மா இறந்து ஆறு மாதம் ஆகிறது. அவர் வடை சுட்ட இரும்பு வடச்சட்டி முழுக்கத் துருவேறிக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு நல்ல கம்பெனிச் சட்டி வாங்கலாமா? எது நல்லது? (சேலம்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். விரிசலோ ஓட்டையோ இல்லை என்றால் அந்தச் சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பில் மேல்துரு ஒரு மத்தியான வேலை.

புளியைக் கரைத்துக் கெட்டியாகத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். தேங்காய் நாரில் கல்லுப்பு தொட்டு நன்றாகத் தேயுங்கள். கறுப்பு இரும்பு தெரியும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கழுவியதும் ஈரம் தங்கவிடாமல் உடனே அடுப்பில் காயவையுங்கள். சூடு இருக்கும்போதே துணியால் நல்லெண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, புகை எழும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை நாலைந்து தடவை செய்தால் பழைய கறுப்பு திரும்ப வரும். அதன் பிறகு ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் கருகும்வரை வதக்கிக் கொட்டிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை எண்ணெயில் பொரிப்பதை மட்டும் செய்யுங்கள், புளிக்குழம்பு வேண்டாம். அம்மா சுட்ட வடையிலேயே தொடங்கலாம்.