தலை நிமிராத ஸ்தோத்திரம்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

ஐந்து வருடமாக உங்களைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 9, கடைசிப் பையனுக்கு 6. மூத்தவள் இரண்டாம் வகுப்பு முடித்ததும் பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அதற்காக நான் வேலையை விட்டேன். ஜெபித்து எடுத்த முடிவு. அதில் இன்றுவரை எனக்குச் சந்தேகம் இல்லை.

இரவு குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு மூன்று காரியங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். போன மாதம் மூத்தவள் சபையின் பாடகர் குழுவில் சேர வேண்டும் என்று கேட்டாள். அதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் பேச்சு, கையில் எப்போதும் இருக்கிற போன், எல்லாவற்றையும் யோசித்து வேண்டாம் என்றேன். அழுதாள். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கோபம் வந்து, "உனக்காக நான் வேலையையே விட்டேன், கொஞ்சமாவது நன்றி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன்.

அன்று இரவு அவள் முறை வந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. "அம்மா எனக்காக வேலையை விட்டதற்கு ஸ்தோத்திரம்" என்றாள். மூன்று தடவையும் அதையே சொன்னாள். கணவர் ஆமென் சொல்லி முடித்துவிட்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிள்ளைகளுக்கு நன்றியுணர்வை எப்படிக் கற்றுக் கொடுப்பது? நாங்கள் பொத்திப் பொத்தி வளர்ப்பது தவறா? அந்த வழக்கத்தை நிறுத்திவிடலாமா?

கிறிஸ்துவுக்குள் ஒரு சகோதரி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று தடவையும் அதையே சொன்னாள் என்கிற இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. நாங்களும் எங்கள் இரண்டு பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர்கள்தான். நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. அதனால் இதைத் தூரத்தில் நின்று எழுதவில்லை.

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். வேலையை விட்டது நீங்களும் உங்கள் கணவரும் ஆண்டவருக்கு முன்பாக எடுத்த முடிவு. அப்போது உங்கள் மகளுக்கு ஏழு வயது. அவள் கேட்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. ஆண்டவருக்குக் காணிக்கையாகக் கொடுத்த ஒன்றை, ஐந்து வருடம் கழித்துப் பிள்ளையின் பெயரில் கடனாக எழுதிவிட்டோம். அவள் புத்திசாலி. கடனைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, அன்று இரவே மூன்று தவணையாகக் கட்டிவிட்டாள்.

இதில் எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும். 'உனக்காக எவ்வளவு செய்திருக்கிறோம்' என்று அடிக்கடி கேட்டு வளர்கிற பிள்ளை, தனக்கு வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்படும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆசிரியர் இல்லை, இடைவேளையில் ரகசியம் பேசத் தோழி இல்லை. அவர்கள் பேசக்கூடிய காதுகள் கொஞ்சம்தான். கெட்டது வெளியிலிருந்துதான் வரும் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறோம். ஆனால் பிள்ளைகளைத் துன்பப்படுத்துகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். உறவுக்காரராக இருக்கலாம், சபையில் எல்லோரும் நம்புகிற ஒருவராகக்கூட இருக்கலாம். அப்படி ஒன்று நடந்தால் பிள்ளை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "இவ்வளவு நல்ல குடும்பத்தில் இருந்துகொண்டு நான் குறை சொல்லலாமா" என்று அது நினைத்துவிட்டால், நாம் போட்ட பூட்டெல்லாம் எதற்கு? உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல, உங்களையும் கணவரையும் தவிர, நீங்கள் இருவரும் நம்புகிற பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா என்று இந்த வாரம் யோசியுங்கள். இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

அப்புறம் நன்றிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு நன்றி நோட்டு இருந்தது. கோடு போட்ட சாதாரண நோட்டுதான். ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது அதை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். 'நல்ல வீடு கொடுத்ததற்கு.' 'வீட்டிலேயே படிக்க முடிவதற்கு.' 'கெட்ட வார்த்தை பேசுகிற பிள்ளைகளோடு இல்லாததற்கு.' கடைசியில் சொன்னதை எழுதியது என் மகள், அவளுக்கு அப்போது எட்டு வயது. அதே போன்ற வரி வேறு வேறு சொற்களில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. என் கையெழுத்திலும் இருந்தது.

இயேசு சொன்ன உவமையில், தன்னை நீதிமான் என்று நினைத்த பரிசேயனின் ஜெபம் எப்படித் தொடங்குகிறது என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட வசனம். ஆனால் அவன் செய்தது நன்றி ஜெபம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவன் எதையும் கேட்கவில்லை, நன்றி மட்டும்தான் சொன்னான். நாங்கள் ஞாயிறுதோறும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். அப்படி நன்றி சொல்லிப் பழகிய பிள்ளைக்கு வெளியில் இருக்கிற பிள்ளைகள்மேல் ஒரு பயமும் ஒரு இளக்காரமும் சேர்ந்தே வளர்கின்றன. வளர்ந்த பிறகு இளக்காரத்தைப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அதே நோட்டில், நடுவில் எங்கேயோ, ஒரு பக்கத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பெருவிரல் ரேகை. பக்கத்தில் மகன் எழுதியிருந்தான்: 'பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிள் செயினை மாட்டிக் கொடுத்தார்.' அந்த அண்ணனோடு பேசக்கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. தலைமுடியும் சத்தமான பாட்டும்தான். அந்த நோட்டு முழுவதிலும் வேறு ஒரு மனிதரின் கையால் வந்த ஒன்றுக்கு நன்றி சொன்னது அந்த ஒரே வரி. அதையும் அவன் என் பேச்சை மீறித்தான் சம்பாதித்திருக்கிறான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தோம். வாரத்துக்கு ஒரு நன்றியாவது நம் வீட்டில் இல்லாத ஒருவருக்காக இருக்க வேண்டும், அவரிடம் நேரில் போய்ச் சொல்லவும் வேண்டும். நானும்தான். சைக்கிள் செயினுக்கு நன்றி சொல்ல நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். வாசலில் நின்று பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். அந்தப் பையனுக்கு அம்மா இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடம் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறேன்.

பொத்தி வளர்ப்பது தவறா என்று கேட்டீர்கள். தவறில்லை. நன்றி உள்ளவர்கள்தான் பொத்தி வைப்பார்கள். நம்மைப் போல வீட்டில் கற்றுக் கொடுக்கிற தாய்மார்கள் அடிக்கடி எடுத்துச் சொல்கிற சூசன்னா வெஸ்லியை, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயை, நினைத்துக்கொள்ளுங்கள். 19 பிள்ளைகளைப் பெற்று, ஒன்பதைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்தவர். 1709 பிப்ரவரியில் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் அவர்கள் வீடு தீப்பற்றி எரிந்தபோது ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் மாட்டிக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக அவனை இறக்கினார்கள், உடனே கூரை விழுந்தது. தகப்பன் சாமுவேல் அக்கம்பக்கத்தாரை முழங்கால் போடச் சொல்லி நன்றி சொன்னார். எட்டுப் பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள், வீடு போனால் போகட்டும், நான் பணக்காரன்தான் என்றார். இரண்டு வருடம் கழித்து, இவ்வளவு இரக்கமாய்க் காப்பாற்றித் தந்த இந்தப் பிள்ளையின் ஆத்துமாவைக் குறித்து இன்னும் கவனமாக இருப்பேன் என்று சூசன்னா எழுதி வைத்தார். நன்றியிலிருந்து பிறந்த கவனம் அது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

தீக்குப் பிறகு பிள்ளைகளை வேறு வேறு வீடுகளில் பிரித்து வைக்க வேண்டி வந்தது. கண்ட பிள்ளைகளோடும் விளையாடி, கெட்ட பாட்டுகளையும் முரட்டுப் பேச்சையும் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்கள், திருத்தப் பாடுபட வேண்டியிருந்தது என்று 1732-இல் அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. உங்கள் கவலை 300 வருடப் பழையது, பாருங்கள். ஆனால் அவர்கள் திருந்தினார்கள். ஜானைப் பத்து வயதில், 1714-இல், லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பவும் செய்தார்கள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது நாம் வழக்கமாக விட்டுவிடுகிற ஒருத்தி உண்டு, ஜானின் அக்கா ஹெட்டி. எட்டு வயதில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசித்தவள். வளர்ந்த பிறகு, 1725-இல், ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போய், ஏமாந்து, கர்ப்பமாகத் திரும்பி வந்தாள். அவசர அவசரமாக, அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் கெஞ்சி எழுதியும் தகப்பன் அவளை மன்னித்து ஏற்றுக்கொள்ளவில்லை. ஜான்தான் அவளுக்காகப் பரிந்து, தவறினவர்களிடத்திலும் அன்பாயிருக்க வேண்டும் என்று தகப்பனின் சபையிலேயே பிரசங்கம் செய்தார். தீயிலிருந்து எட்டுப் பேரும் கிடைத்ததற்கு முழங்காலில் நின்று நன்றி சொன்னாரே, அந்த எட்டுப் பேரில் ஹெட்டியும் ஒருத்தி. இதை முதலில் படித்தபோது என் மகளை நினைத்து அழுதேன். அந்த வீட்டில் ஜெபத்துக்குக் குறைவில்லை, படிப்புக்குக் குறைவில்லை. தவறிப் போனவள் வந்து நிற்க ஓர் இடம்தான் இல்லாமல் போனது.

இன்னொரு தாய் அன்னாள், வேதத்தில் வருகிற சாமுவேல் தீர்க்கதரிசியின் அம்மா. இவளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அழுது கேட்டுப் பெற்ற பிள்ளை. பால் மறந்ததும் சீலோவில், ஆண்டவருடைய ஆலயத்தில், கொண்டுபோய் விடுகிறாள். அந்த இடம் எப்படிப்பட்டது என்று வேதம் மறைக்கவில்லை. அங்கே ஆசாரியராக இருந்த ஏலி வயதானவர், அவருடைய மகன்கள் இருவரும் பேலியாளின் மக்கள், அதாவது துன்மார்க்கர். நாம் என்றால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம். நீங்களும் அப்படிக் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அடுத்த அதிகாரத்தில் வருகிற சின்னச் சட்டையில். வருடந்தோறும் பலி செலுத்த வரும்போது அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வருவாள் என்று இருக்கிறது.

எனக்குத் தையல் தெரியும். பிள்ளை முன்னால் நிற்காதபோது தைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. போன வருடம் பார்த்த தோளை நினைத்து, இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்குப் போட வேண்டும். கை நீளத்தில் இரண்டு விரல் கூட்ட வேண்டும். ஓரத்தில் துணி விட்டு மடித்துத் தைக்க வேண்டும், பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று. அன்னாள் ஒவ்வொரு வருடமும், தான் கடைசியாகப் பார்த்ததைவிடப் பெரிய பிள்ளையை மனதில் வைத்துத்தான் வெட்டியிருப்பாள். அதுவும் பாதுகாப்புதான். குளிர் படாமல் காக்கிற துணிதானே.

உங்கள் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது எடுத்த அளவு ஏழு வயது அளவு. அந்த வயதில் பாடகர் குழுவுக்கு வேண்டாம் என்றால் நானும் சரி என்றிருப்பேன். இப்போது அவளுக்கு 12. கேட்டது என்ன? தன் சொந்த சபையில், தன் வயதுப் பிள்ளைகளோடு நின்று, ஆண்டவரைப் பாட வேண்டும் என்று கேட்டாள். ஐந்து வருடம் நீங்கள் இரவுதோறும் கற்றுக் கொடுத்ததுதான் அப்படிக் கேட்க வைத்திருக்கிறது. எனக்கு அது நன்றிகெட்டதனமாகத் தெரியவில்லை, தங்கச்சி.

போனைப் பற்றிய கவலை நியாயமானது. அதைக் குழு நடத்துகிறவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒத்திகை நேரத்தில் போன்களை வாங்கி வைக்கிறார்களா, பெரியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க நேரிடுமா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாமா. ஒழுங்காக நடத்துகிற யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் சில வாரம் நீங்களும் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஒத்திகை முடிந்து வருகிற வழியில் அவள் கேட்ட ஒரு கெட்ட வார்த்தையை உங்களிடம் சொன்னால், அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். சொன்னாளே என்று சந்தோஷப்படுங்கள்.

வழக்கத்தை நிறுத்த வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்று என்று கணக்கு வைத்ததால்தான் அவளால் மூன்று தடவை கட்ட முடிந்தது. ஒன்றும் சொல்லத் தோன்றாத இரவில் சும்மா இருக்கவும் அவளுக்கு உரிமை கொடுங்கள். சங்கீதங்களில் எத்தனையோ புலம்பலும் முறையீடும்தான், ஆண்டவர் அதைக் கேட்க மாட்டேன் என்று சொன்னதில்லை.

அதற்கு முன்னால், ஜெப நேரத்துக்குக் காத்திருக்காமல், அவள் தனியாக இருக்கும்போது போய், "நான் வேலையை விட்டதற்கு நீ எனக்குக் கடன்பட்டிருக்கவில்லை, அப்படிச் சொன்னது என் தப்பு" என்று சொல்லிவிடுங்கள். கூடவே வசனம் எதுவும் சேர்க்க வேண்டாம். அவள் உடனே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நான் என் மகளிடம் இப்படிச் சொன்ன அன்றைக்கு அவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் கழித்து, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

ஒத்திகை என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா