‘அந்த நாள்’ இன்னும் ஏன் பிடித்து உட்கார வைக்கிறது? – கேள்வி பதில்

போன ஞாயிறு சாயங்காலம் மதுரை சிம்மக்கல்லில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ‘அந்த நாள்’ போட்டோம். 1954-இல் ஏவிஎம் தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படம். ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் (சிவாஜி) சுடப்பட்டுச் சாகிறான். மனைவி உஷா (பண்டரிபாய்), தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ராஜனோடு பழகிய அம்புஜம் என்று ஐந்து பேர் மேல் சந்தேகம் விழுகிறது. படம் முடிந்து நேரம் போதவில்லை என்பதால் நிறையப் பேர் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கே பதில் சொல்கிறேன். கொலை செய்தது யார் என்று எங்கேயும் சொல்ல மாட்டேன். ராஜனைப் பற்றிய ஒரு ரகசியம் வரும் பதிலுக்கு முன்னால் எச்சரித்துவிடுகிறேன்.

செல்லூர், கல்லூரி மாணவர்: அண்ணே, இப்ப வர்ற படத்துல ட்விஸ்ட் மேல ட்விஸ்ட் வைக்கிறாங்க, பாதியில செல்லை நோண்ட ஆரம்பிச்சிடுறோம். இந்தப் பழைய படத்துக்கு ஒருத்தன்கூட செல்லை எடுக்கலையே, எப்படி?

தம்பி, ட்விஸ்ட் ஒருமுறைதான் வேலை செய்யும். இந்தப் படம் அதை நம்பி நிற்கவில்லை. ஆரம்பத்திலேயே ஆளைக் கொன்றுவிடுகிறார்கள். ராஜன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறான், அந்த முகத்தில் வலியைவிட அதிர்ச்சிதான் அதிகம். விழுந்துவிடுகிறான். சுட்டது யார் என்று கேமரா காட்டுவதில்லை. அப்புறம் விசாரணை. ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் ராஜன் மறுபடி உயிரோடு வருகிறான், ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக. தம்பி சொல்லும்போது பாகம் பிரித்துத் தராத அண்ணன். அம்புஜம் சொல்லும்போது ஆசை காட்டி ஏமாற்றியவன். உஷாவுக்கு அவன் கட்டிய கணவன். கொலைகாரனைத் தேடுவதாக நினைத்து உட்கார்ந்த நாம், கொஞ்ச நேரத்தில் செத்தவன் யார் என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். அந்தத் தேடல் கடைசி ரீலோடு தீருவதில்லை. முடிவு தெரிந்தவரும் மறுபடி வந்து உட்காருவது இதனால்தான். இரண்டாம் தடவை பார்க்கும்போது பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தைப் பார். வேறொரு படம் தெரியும்.

பெத்தானியாபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பாட்டே இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் படம்! ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்களா ஐயா?

உடனே ஏற்றுக்கொள்ளவில்லை, ஐயா. ஒரு படத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு என்பது சர்வ சாதாரணமாக இருந்த காலம். பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாமல் வந்த படம் வசூலில் பெரிதாக நிற்கவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மதிப்பு போகப்போகத்தான் கூடியது. இதை எடுத்தவர் வீணை வித்வான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். இசையே உயிராக இருந்த மனிதர், பாட்டு எங்கே கதையைக் கெடுக்கும் என்று தெரிந்து ஒதுக்கியிருக்கிறார்.

அதற்காக சஸ்பென்ஸ் படத்தில் பாட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ‘புதிய பறவை’யில் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ இரண்டு தடவை வருகிறது. முதலில் கேட்டபோது மயக்கிய மெட்டு, சோகமாகத் திரும்பும்போது நெஞ்சைப் பிசைகிறது. அங்கே பாட்டை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. ‘அந்த நாள்’ கதையில் பாட்டுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

ஆரப்பாளையம், சிவாஜி ரசிகர்: எங்க தலைவரை எடுத்த எடுப்பிலேயே சாகடிச்சா அன்னைக்கு ரசிகர்கள் எப்படித் தாங்குனாங்க?

நம்மூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி! 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு தங்கம் தியேட்டரைத் திறந்த ஊர் இது. அந்தப் படத்தில் சிவாஜிக்கு ஜோடியும் இதே பண்டரிபாய்தான். 1954 மார்ச்சில் ‘மனோகரா’ வந்தது. சங்கிலியால் கட்டி இழுத்து வரப்பட்டு தர்பாரே அதிர முழங்குகிறார். அடுத்த மாதம், ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டுக்கு ‘அந்த நாள்’. அதே மனிதர் இதில் குரலைத் தாழ்த்தி, பாதி வார்த்தையை முழுங்கிப் பேசுகிறார். நல்லவனா கெட்டவனா என்று பிடிகொடுக்காத முகம். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஒரு இடத்தில்கூட அவர் முயற்சி செய்யவில்லை. வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நடிகர் இந்த வேஷத்தை எடுத்த துணிச்சலுக்காகவே நான் அவரைக் கும்பிடுவேன்.

திருப்பரங்குன்றம், இல்லத்தரசி: சென்னையில் குண்டு விழுந்ததாகப் படத்தில் வருகிறதே, அது நிஜமா, கதையா?

நிஜம்தான், அக்கா. 1943 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு ஜப்பான் விமானம் சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு போட்டது. சேதம் பெரிதில்லை, பயம்தான் பெரிது. அதற்கு முந்தின வருஷமே, ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று சென்னையைக் காலி செய்து ஜனங்கள் தெற்கே வந்தார்கள். அப்படி மதுரைப் பக்கம் வந்து தங்கிய சொந்தக்காரர் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். படத்தை எடுத்த மெய்யப்பச் செட்டியாரே யுத்த நெருக்கடியில் தன் ஸ்டூடியோவைக் காரைக்குடிக்குக் கொண்டுபோனவர். ‘நாம் இருவர்’ அங்கேதான் உருவானது. 1948-இல்தான் கோடம்பாக்கம் திரும்பினார். படம் வந்தபோது அந்தப் பயத்துக்குப் பதினோரு வயதுகூட முடியவில்லை. திரையில் ஊர் கலைந்து ஓடுவதைப் பார்த்தவர்களில் பலர் ஓடியவர்கள். தெருவே பதறிக்கொண்டிருக்கும்போது ஒரு வீட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எப்படி இருந்திருக்கும்!

மேலூர், நூலகர்: இது ‘ரஷோமோன்’ படத்தின் காப்பி என்கிறார்களே?

காப்பி இல்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் அந்தப் படத்திலிருந்து பாலசந்தர் தூண்டுதல் பெற்றார் என்பது சரி. ஆனால் அங்கே ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், உண்மை எது என்பது தீராமலே முடிகிறது. இங்கே ஆளுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்கிறார்கள், கடைசியில் உண்மை வெளியே வருகிறது. செத்த ஒருத்தியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவுகூரும் ‘த உமன் இன் கொஸ்டியன்’ என்ற 1950-ஆம் வருஷத்து ஆங்கிலப் படம்தான் இதற்கு நெருக்கம் என்பது என் கருத்து.

திருமங்கலம், குறும்படம் எடுப்பவர்: எங்களிடம் பணம் இல்லை, ஒரு வீடுதான் இருக்கிறது. இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம் அண்ணே?

வெளிச்சத்தை. மாருதி ராவின் ஒளிப்பதிவைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். முகத்தில் பாதிக்கு மட்டும் விளக்கு, மீதி இருட்டு. கேமராவைத் தாழ்த்தி வைத்து ஆளை உயர்த்திக் காட்டுவார். அப்புறம் எழுத்து. கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனேதான் சி.ஐ.டி. சிவானந்தமாக வந்து கேள்வி கேட்கிறார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் பானர்மேன் துரை என்றால் சட்டென்று தெரியும். எல்லா விடையும் தெரிந்த ஆள் தெரியாத மாதிரிக் கேட்கும் அந்த நிதானம் நடிப்பில் இருக்கிறது. உங்கள் குறும்படத்திலும், யார் எதை எப்போது தெரிந்துகொள்கிறார்கள் என்று தாளில் எழுதி வைத்த பிறகு கேமராவைத் தொடுங்கள்.

அனுப்பானடி: நடுவில் கொஞ்சம் இழுக்கிறதே?

இழுக்கிறது. தம்பி வீட்டுச் சண்டை மேடை நாடகம் மாதிரிதான் இருக்கிறது.

உசிலம்பட்டி, வழக்கறிஞர்: ராஜன் செய்ததை நியாயப்படுத்துகிறதா படம்? *(படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போங்கள்.)*

நியாயப்படுத்தவில்லை, விளக்குகிறது. தன் ஆராய்ச்சிக்கு இங்கே ஆதரவு கிடைக்கவில்லை என்ற கசப்பில் ராஜன் ஜப்பானுக்கு உளவு சொல்லப் போகிறான். திறமையை மதிக்காத கோபம் நமக்குப் புரிகிற கோபம்தான். அதனால்தான் அவன் துரோகம் இன்னும் வலிக்கிறது. வெறும் அயோக்கியனாகக் காட்டியிருந்தால் குண்டு பாய்ந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து போயிருப்போம்.

வாடிப்பட்டி, மாணவி: அண்ணா, அடுத்து பாலசந்தர் படம் எதைப் பார்க்கலாம்? செல்போனில் பார்த்தால் போதுமா?

செல்போனில் வேண்டாம்மா. நிழலில் இருப்பதெல்லாம் வெறும் கருப்பாகிவிடும். டிவியில், விளக்கை அணைத்துவிட்டுப் பார். முதலில் ‘நடு இரவில்’ (1970): ஒரே பங்களா, கூட்டமாகச் சொந்தங்கள், ஒவ்வொருவராகச் சாவு. அப்புறம் ‘பொம்மை’ (1964). பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியும், அது கைமாறிக் கைமாறிப் போகும். ஜேசுதாஸ் தமிழில் பாடிய ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ இந்தப் படத்தில்தான். கதை முடிந்ததும் எழுந்துவிடாதே. படத்தில் வேலை செய்தவர்களை பாலசந்தரே திரையில் வந்து நமக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்.